கண்டி வீதியும் கடல்வழியும்

(பல்லடத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2009 மே 2, சனிக்கிழமை. கோவை நீலாம்பூர் பக்கம் புறவழிச்சாலையில் ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. லாரிகளில் இருப்பது ஆயுதம், கொச்சி வழியாக இலங்கைக்குப் போகிறது என்று பேச்சு பரவியது. கூட்டம் திரண்டு லாரிகளை மறித்தது. கண்ணாடிகள் நொறுங்கின, வழக்குகள் பாய்ந்தன, பலர் சிறைக்குப் போனார்கள். அவை வழக்கமான ராணுவ வண்டிகள்தான் என்று ராணுவம் விளக்கம் சொன்னது. பல்லடத்துக்காரர்களுக்கு அது தொலைவான இடமில்லை. சூலூரைத் தாண்டிப் புறவழிச்சாலையில் ஏறினால் வந்துவிடும்.

அன்று லாரியை மறித்தவர்களின் ஆத்திரம் புரிந்துகொள்ளக்கூடியது. முல்லைத்தீவுக் கரையில் மக்கள் செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆனால் போர் முடிய இன்னும் 17 நாட்களே இருந்தன. அதன் முடிவு ஏற்கெனவே வேறொரு வழியில் தீர்மானமாகியிருந்தது. நீலாம்பூருக்கும் கொச்சிக்கும் சம்பந்தமில்லாத ஆழ்கடலில், ஒன்றரை ஆண்டுக்கு முன்பே.

ஈழப்போரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதில் வீரமும் துயரமும் துரோகமும் நிறைய உண்டு. போர் எப்படி நடந்தது என்பது குறைவு. 26 ஆண்டு காலம் ஒரு சிறு தீவின் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த சண்டையை ஒரு நூல் பிடித்துப் பார்த்தால், அது பெரும்பாலும் வழிகளுக்காக நடந்த சண்டை. தெற்கையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் கண்டி வீதி, ஆனையிறவு என்னும் ஒடுங்கிய நிலப்பாலம், பாக் நீரிணைப் படகுவழி, அதற்கும் அப்பால் சரக்குக் கப்பல் வரும் பெருங்கடல். இந்த நான்கில் எவை யார் கையில் இருந்தன என்று பார்த்தாலே அந்தந்த ஆண்டு யார் கை ஓங்கியிருந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தறிக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. பாவு இருந்து ஊடை இல்லாவிட்டாலும் தறி நிற்கும். இரண்டும் இருந்து கரண்ட் போனாலும் நிற்கும்.

போருக்கான காரணங்கள் தமிழ்நாட்டில் பலமுறை பேசப்பட்டவை. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிப்பு, 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம், 1958 கலவரம், கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தங்கள், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1981-இல் 97 ஆயிரம் நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகம். இவ்வளவுக்குப் பிறகும் 1983 ஜூலை தொடங்கும்போது ஆயுதம் தூக்கிய இளைஞர்களின் தொகை மிகச் சிறியது. அவர்களை யாழ்ப்பாணத்தில் ‘பொடியள்’ என்றார்கள். சின்னப் பையன்கள் என்று பொருள். கொங்குநாட்டில் ‘பசங்க’ என்கிற அதே வாஞ்சை.

ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கண்ணிவெடி வைத்து, ரோந்து வந்த 13 ராணுவத்தினரை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். மறுநாள் இரவு கொழும்பு பொரளையில் தொடங்கிய வன்முறை ஒரு வாரம் நாடு முழுக்க ஆடியது. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கொழும்பில் வீடிழந்து முகாம்களில் கிடந்த தமிழர்களை அரசே கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பியது. உங்கள் இடம் வடக்கு என்று ஓர் அரசு தன் குடிமக்களுக்குக் கப்பல் டிக்கெட் கொடுத்துச் சொன்னது போல ஆனது அது. பிரிவினைக்கு இதைவிடப் பெரிய பிரச்சாரத்தை எந்த இயக்கமும் செய்திருக்க முடியாது.

அடுத்த சில மாதங்களில் பாக் நீரிணை பரபரப்பானது. இளைஞர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள், பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். இந்திரா காந்தி அரசின் உளவுத்துறை வடஇந்தியாவில் பயிற்சி கொடுத்தது. தமிழ்நாட்டிலும் முகாம்கள் அமைந்தன. கொங்கு மண்டலத்தின் விளிம்பில், மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பகுதியில் புலிகளின் முகாம் ஒன்று நடந்தது. உள்ளூர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்ததை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை ஓட்டிகளுக்கு இந்தக் கடல் பழகிய முற்றம். சுங்கத்துக்குத் தப்பிப் புடவையும் பீடியும் கடத்திய அதே படகோட்டிகளின் அறிவுதான் பிறகு ஒரு கடற்படையாக வளர்ந்தது.

1985-க்குள் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணத்தில் முகாம்களுக்குள் முடங்கிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் அனுராதபுரத்தில் புனித அரசமரத்தின் சுற்றுவட்டாரத்தில் 146 சிங்களப் பொதுமக்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் தமிழ்ப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இந்தப் போரில் கொலைக்குக் கொலை என்கிற கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. 1986-இல் புலிகள் டெலோ இயக்கத்தை ரத்தத்தில் ஒழித்தார்கள். அதன்பின் மற்ற இயக்கங்களும் ஒவ்வொன்றாக அடங்கின. ஒரே இயக்கம், ஒரே தலைமை என்பது போர்க்களத்தில் பலமாக இருந்திருக்கலாம். அரசியலில் அது எல்லாக் கதவையும் சாத்தியது என்பதே இந்தச் சொற்பொழிவின் கணிப்பு.

1987 மே 26-இல் வடமராட்சியில் ராணுவம் இறங்கியது. வல்வெட்டித்துறை விழுந்தது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து 25 டன் உணவுப் பொருட்களைப் போட்டன. ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தார். அந்த ஒப்பந்தப்படி வந்து, மாலை போட்டு வரவேற்கப்பட்ட இந்திய அமைதிப்படை அக்டோபர் 10-இல் புலிகளோடு போரில் இறங்கியது.

அந்தப் படை அந்த ஊரை அறியாமல் போனது. கையில் நல்ல வரைபடம்கூட இல்லை. அக்டோபர் 12 அதிகாலை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். ஒருவர் பிடிபட்டார். அவர்கள் வரப்போவது புலிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தீபாவளி நாளான அக்டோபர் 21-இல் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படையினர் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். தமிழ்நாட்டில் பேசக் கூசும் செய்தி இது. ஆனால் ஈழத்தில் இந்தியா என்ற சொல்லுக்கு ஏன் இரண்டு பொருள் என்று தெரிய வேண்டுமானால் இதைத் தவிர்க்க முடியாது. ஏறக்குறைய 1,200 பேரைப் பலிகொடுத்து 1990 மார்ச் 24-இல் அமைதிப்படை கப்பலேறியது. அடுத்த ஆண்டு மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை. அத்தோடு பாக் நீரிணையின் இந்தப் பக்கக் கதவு மூடியது. படகுகள் திருட்டுத்தனமாக வந்துபோயின. ஆனால் பின்தளம் என்ற ஒன்று இனி இல்லை.

1990 ஜூனில் மூண்ட இரண்டாம் கட்டப் போர், சரணடைந்த போலீஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதில் தொடங்கியது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் சுடப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழ் பேசும் மக்களுக்கான போர் என்ற பெயரை அந்த இரண்டு மணி நேரம் அழித்துவிட்டது.

கண்டி வீதியை இனி யாரும் சும்மா கடக்க முடியாது. ஆனையிறவில் ராணுவம், பூநகரியில் ராணுவம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியே போக மக்களுக்கு இருந்தது கிளாலிக் கடலேரி மட்டும். இருட்டிய பிறகு படகு கிளம்பும். ஒரு படகில் எஞ்சின், பின்னால் கயிற்றில் கட்டிய ஐந்தாறு படகுகள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கொழும்பில் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர், கல்யாணப் பெண் என்று எல்லோரும் அதில்தான். நாகதேவன்துறையிலிருந்து கடற்படை ரோந்துப் படகுகள் வந்து சுடும். 1993 ஜனவரி 2 இரவு மட்டும் பல பத்துப் பேர் அந்த நீரில் செத்தார்கள்.

அரசின் பொருளாதாரத் தடையும் இருந்தது. சோப்பு, சிமெண்ட், பேட்டரி, பெட்ரோல், உரம் என்று நீண்ட பட்டியல். மின்சாரம் கிடையாது. அந்தச் சனம் என்ன செய்தது என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜாம் போத்தலில் பஞ்சுத்திரியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு. பிள்ளைகள் அதில்தான் படித்துப் பரீட்சை எழுதினார்கள். ரேடியோ கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலை மிதிப்பார், டைனமோ கரண்டில் பி.பி.சி. தமிழோசை கேட்கும். மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஊரெல்லாம் வெள்ளைப் புகை. கொங்கு நாட்டு லேத்துப் பட்டறைக்காரர் எவரும் இதைக் கேட்டால் மெச்சாமல் இருக்க மாட்டார்.

ஆனையிறவு பற்றிச் சொல்ல வேண்டும். இருபுறமும் ஆழமில்லாக் கடலேரி, நடுவே ஒரு மெல்லிய நிலம், பக்கத்தில் உப்பளம். டச்சுக்காரர் காலத்திலேயே அங்கே கோட்டை இருந்தது. 1991 ஜூலையில் புலிகள் அதைப் பிடிக்கப் பெரும்படையோடு போனார்கள். புல்டோசருக்கு இரும்புத் தகடு போர்த்தி டாங்கியாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். மரமில்லாத வெட்டவெளி. ராணுவம் வெற்றிலைக்கேணியில் கடல்வழியாக இறங்கி முற்றுகையை உடைத்தது. கெரில்லாச் சண்டை பழகிய இயக்கம் நேருக்குநேர் போரில் கொடுத்த முதல் பெரிய விலை அது. விலை கொடுத்தார்கள், பாடமும் எடுத்துக்கொண்டார்கள்.

1995 ஏப்ரல் 19 நள்ளிரவுக்குப் பின் திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு பீரங்கிப் படகுகள் வெடித்தன. ஜனாதிபதி சந்திரிகாவுடனான பேச்சு அத்தோடு சரி. சில நாட்களில் பலாலிக்கு மேல் இரண்டு ஆவ்ரோ விமானங்கள் ஏவுகணையில் விழுந்தன. அக்டோபரில் ராணுவம் யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டது. அக்டோபர் 30 மாலை ஒலிபெருக்கிகள் ஊரை விட்டுப் போகச் சொல்லின. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே வீதி, கொட்டும் மழை, நான்கு லட்சத்துக்கும் மேலான மக்கள். சைக்கிளில் கிழவியை உட்காரவைத்துத் தள்ளினார்கள். நடந்தால் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு ஓர் இரவு முழுதும் ஆனது. டிசம்பர் 5-இல் யாழ்ப்பாணத்தில் சிங்கக் கொடி ஏறியபோது நகரத்தில் ஆளில்லை. சில மாதங்களில் பெரும்பாலான மக்கள் திரும்பி வந்தார்கள், இயக்கம் திரும்பவில்லை. அது வன்னிக் காட்டுக்குள் இறங்கியது.

யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அரசுக்குப் புதுத் தலைவலி. கண்டி வீதி நடுவில் புலிகளிடம் இருக்க, யாழ்ப்பாணத்தில் உள்ள படைக்குச் சோறும் குண்டும் கப்பலிலும் விமானத்திலும் போக வேண்டும். 1996 ஜூலை 18-இல் முல்லைத்தீவு முகாமைப் புலிகள் துடைத்தெடுத்தார்கள். 1,200-க்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். இரண்டு 122 மில்லிமீட்டர் பீரங்கிகள் கிடைத்தன. கப்பல் சரக்கை இறக்கத் தோதான கிழக்குக் கடற்கரை ஒன்றும் கிடைத்தது. அந்தக் கரை பீரங்கிகளைவிடப் பெரிய பரிசு.

1997 மே 13-இல் ‘ஜெயசிக்குறு’ தொடங்கியது. நிச்சய வெற்றி என்று பொருள். வவுனியாவிலிருந்து கண்டி வீதியைத் திறந்துகொண்டு வடக்கே போய் யாழ்ப்பாணப் படையோடு கைகோப்பது திட்டம். வரைபடத்தில் எழுபது, எண்பது கிலோமீட்டர். பல்லடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் போய்த் திரும்பும் தூரம்கூட இல்லை. ஒன்றரை ஆண்டு முட்டி மோதியும் முழுதாகத் திறக்கவில்லை. மாங்குளம் கைக்கு வந்த நேரத்தில் கிளிநொச்சி கைவிட்டுப் போனது. 1998 டிசம்பரில் அரசு கைவிட்டது. 1999 நவம்பரில் ‘ஓயாத அலைகள் 3’ கிளம்பியபோது அத்தனை நாள் ரத்தம் சிந்திப் பிடித்த நிலம் ஒரு வாரத்துக்குள் திரும்பப் போனது.

பிறகு ஆனையிறவு. 1991-இல் முன்வாசலில் மோதியவர்கள் இம்முறை கொல்லைப்புறத்துக்குப் போனார்கள். 2000 மார்ச் 26 இரவு புலிகளின் தளபதி பால்ராஜ் தலைமையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கடல்வழியாகக் குடாரப்பில் இறங்கி, சதுப்பைக் கடந்து, இத்தாவிலில் கண்டி வீதியின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். டாங்கி, விமானம், பீரங்கி எல்லாம் வந்தன. 34 நாள் நகரவில்லை. இன்னொரு பக்கம் இயக்கச்சி விழுந்தது. ஆனையிறவில் நல்ல தண்ணீர் கிடையாது, எல்லாம் உப்பு. முகாமின் குடிதண்ணீர் இயக்கச்சிக் கிணறுகளிலிருந்து வந்தது. ஏப்ரல் 22-இல், வெல்லவே முடியாது என்று பேர்பெற்ற ஆனையிறவை ராணுவம் தாகத்தோடு விட்டுப் போனது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று பழகிய நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சித்திரை வெயில் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டாம்.

2001 ஜூலை 24-இல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் புலிகள் புகுந்து விமானங்களைக் கொளுத்தினார்கள். உலகச் சந்தையில் உடனே ஒரு மாற்றம்: இலங்கைக்கு வரும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் போர்க்கால இன்சூரன்ஸ் எகிறியது. கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. அந்த ஆண்டு இலங்கைப் பொருளாதாரம் வளராமல் சுருங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் முறை. அரசைப் பேச்சு மேசைக்குக் கொண்டுவந்ததில் ஆனையிறவுக்கு இருக்கும் பங்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் உண்டு. 2002 பிப்ரவரி 22-இல் நார்வேயின் மத்தியஸ்தத்தில் போர் நிறுத்தம். ஏப்ரலில் கண்டி வீதி திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச்சாவடி, புலிகளுக்கு வரி. ஆனாலும் பஸ் ஓடியது. பன்னிரண்டு ஆண்டாகப் பார்க்காத பேரப்பிள்ளையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து கிழவர்கள் பஸ்ஸேறினார்கள்.

புலிகளின் உச்சம் அது. ராணுவத்தைவிட மிகச் சிறிய படை, ஆனால் கடலில் வலு இருந்தது. அந்த நிலையிலிருந்து ஏழே ஆண்டில் எல்லாம் போனது எப்படி? வெளிநாட்டுச் சதி என்பது சுலபமான பதில். அதில் உண்மையும் உண்டு. ஆனால் 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தபோது கிழக்கின் ஆள்பலம் போனது. 2005 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டபின் உலகம் முகத்தைத் திருப்பியது. அதே ஆண்டு நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் தமிழர்களைப் புலிகள் வாக்களிக்க விடாமல் தடுத்ததில், ஒன்றே முக்கால் லட்சம் சொச்சம் வாக்கில் மகிந்த ராஜபக்சே ஜெயித்தார். 2006-இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. அந்தத் தடைகளோடு காசு வரும் வழியும் சுருங்கியது.

நான்காம் கட்டப் போர் ஒரு மதகில் தொடங்கியது. 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டம் மாவிலாற்று மதகைப் புலிகள் மூடினார்கள். கீழே ஆயிரக்கணக்கான உழவர்களுக்குத் தண்ணீர் நின்றது. பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் முறைத் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீரை நிறுத்துகிறவன் பக்கம் நியாயம் இருந்தாலும் ஊர் அவனை மன்னிக்காது. ராணுவம் ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி புறப்பட்டது. ஆகஸ்ட் 11-இல் கண்டி வீதி மறுபடி மூடியது. 2007 ஜூலைக்குள் கிழக்கு முழுவதும் அரசின் கையில்.

அதைவிடப் பெரிய காரியம் கடலில் நடந்தது. புலிகளுக்கு ஆயுதம் வரும் கப்பல்கள் நேரே கரைக்கு வருவதில்லை. ஆழ்கடலில் மிதக்கும் கோடவுன் போல நிற்கும், அங்கிருந்து படகுகள் சரக்கைக் கொண்டுவரும். இலங்கைக் கடற்படை 2006 செப்டம்பர் முதல் 2007 அக்டோபர் வரை எட்டுக் கப்பல்களை மூழ்கடித்தது. 2007 செப்டம்பர் 10, 11-இல் மட்டும் மூன்று. இலங்கைக் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் போய்ச் செய்த வேலை. போன கப்பல்களில் ஒன்று ‘சயுர’, இந்தியா கொடுத்தது. இன்னொன்று ‘சமுதுர’, அமெரிக்கக் கடலோரக் காவல்படை கொடுத்தது. அவ்வளவு தொலைவு போய்வர எண்ணெய்க் கப்பல் வசதி இல்லாததால் பழைய சரக்குக் கப்பல்களை உடன் ஓட்டிக்கொண்டு போனார்கள். எங்கே தேடுவது என்ற தகவல் வெளிநாடுகளிலிருந்தும் வந்தது. அதன்பின் புலிகளின் பீரங்கிகள் குண்டை எண்ணி எண்ணிச் சுட்டன. 2009 மே மாதம் நீலாம்பூரில் மறிக்க நினைத்தது வேறு வழியை. போரின் முடிச்சு இந்தக் கடல்வழியில் எப்போதோ போடப்பட்டுவிட்டது.

2008-இல் ராணுவம் மன்னார்க் கரையோரமாக வடக்கே ஏறியது. விடத்தல்தீவு, நாச்சிக்குடா, நவம்பர் 15-இல் பூநகரி. தமிழ்நாட்டிலிருந்து டீசலும் மருந்தும் வந்த துறைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளாகக் காட்டுக்குள் ஊடுருவும் முறையை ராணுவம் கற்றிருந்தது. சின்னப் படகுகளைக் கூட்டமாக அனுப்பும் முறையைக் கடற்படை கடற்புலிகளிடமிருந்தே காப்பியடித்தது. 2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சி விழுந்தது. போகும்போது புலிகள் நகரத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தகர்த்துச் சாய்த்துவிட்டுப் போனார்கள். பிற்பாடு தெற்கிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் அந்தத் தொட்டியின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஜனவரி 9-இல் ஆனையிறவு, 25-இல் முல்லைத்தீவு. கண்டி வீதி முழுவதும் ஒரே கையில் வந்தது, 1990-க்குப் பிறகு முதல் முறை.

மிஞ்சியது பரந்தன்–முல்லைத்தீவு வீதி. விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் டிராக்டரிலும் சைக்கிளிலும் கூரைத் தகரத்தோடு இடம்பெயர்ந்து கொண்டே போனார்கள். அரசோ அங்கே இருப்பது சுமார் எழுபதாயிரம் பேர் என்றது. உணவும் அந்தக் கணக்கில்தான் போனது. அரசே அறிவித்த ‘பாதுகாப்பு வலயத்தில்’ ஷெல் விழுந்தது. ஆஸ்பத்திரிகள் மேலும் விழுந்தது. மக்களைப் போகவிடாமல் புலிகள் பிடித்து வைத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், வீட்டுக்கொரு பிள்ளை என்பது போய் வீட்டில் மிஞ்சிய பிள்ளையையும் இழுத்துப் போனார்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் இந்த இரண்டையும் எழுதியது. இறந்த பொதுமக்கள் 40 ஆயிரம் வரை இருக்கலாம் என்றும் சொன்னது.

அந்த மணல் கரையில் பங்கர் வெட்டினால் சுவர் சரியும். மண்மூட்டை வேண்டும், சாக்கு இல்லை. பெட்டியில் இருந்த புடவைகளை எடுத்தார்கள். கல்யாணப் புடவை, கோயில் புடவை எல்லாவற்றையும் வெட்டிப் பையாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். போர் முடிந்தபின் அங்கே போன செய்தியாளர்கள், நிறம் நிறமாகக் கிழிந்த துணிமூட்டைகள் கரை நெடுகக் கிடந்ததைப் பார்த்தார்கள். துணி நெய்து பிழைக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சாப்பாடு, அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சி. வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள்.

பாக் நீரிணையின் இந்தப் பக்கம் தமிழ்நாடு கொந்தளித்தது. ஜனவரி 29-இல் சென்னையில் முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்தார். ஏப்ரல் 27-இல் முதலமைச்சர் கருணாநிதி மெரினாவில் காலையில் தொடங்கிய உண்ணாவிரதத்தை மதியத்துக்குள் முடித்தார். மே 13-இல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தோம். மே 16-இல் வாக்குகள் எண்ணப்பட்ட அதே நாளில் ராணுவத்தின் இரு முனைகளும் முள்ளிவாய்க்கால் கரையில் கைகோத்தன. கடலுக்குப் போகும் கடைசி வழியும் அடைந்தது.

உள்நாட்டுப் போர் என்றதும் உலகம் அமெரிக்காவை நினைக்கும். அங்கேயும் வடக்கு தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டுத்தான் வென்றது. அந்த முற்றுகையில் லங்காஷையர் ஆலைகளுக்குப் பஞ்சு நின்றுபோய், 1860-களில் கோயமுத்தூர்ச் சீமைப் பருத்திக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. எங்கோ அடைத்த கடல்வழி நம் கரிசல் காட்டு விலையை ஏற்றியது. ஆனால் அந்தப் போரின் முடிவு வேறு மாதிரி. 1865 ஏப்ரல் 9-இல் தெற்கின் தளபதி லீ ஒரு வீட்டுக் கூடத்தில் வடக்கின் தளபதி கிராண்டுக்கு எதிரே உட்கார்ந்து சரண் பத்திரத்தில் கையெழுத்திட்டார். தோற்ற வீரர்கள் தங்கள் குதிரைகளை உழவுக்குக் கொண்டுபோகலாம் என்றார் கிராண்ட். பசித்திருந்தவர்களுக்கு 25 ஆயிரம் பேருக்கான ரேஷன் அனுப்பினார்.

ஈழப்போரில் அப்படி ஒரு கூடமும் இல்லை, மேசையும் இல்லை. மே 17-இல் துப்பாக்கிகளை மௌனிக்கச் செய்வதாக வெளிநாட்டிலிருந்து புலிகளின் பன்னாட்டுத் தொடர்புப் பொறுப்பாளர் பத்மநாதன் அறிவித்தார். கேட்க ஆளில்லை. அரசியல் பிரிவுத் தலைவர் நடேசனும் சமாதானச் செயலகத் தலைவர் புலித்தேவனும் வெள்ளைக்கொடியோடு போனபோது கொல்லப்பட்டதாகத் தமிழர் தரப்பு சொல்கிறது, அரசு மறுக்கிறது. மே 19-இல் ராஜபக்சே நாடாளுமன்றத்தில் வெற்றியை அறிவித்தார். அன்று நந்திக்கடல் கரையில் கிடைத்த புலிகளின் தலைவர் பிரபாகரனின் உடலைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

சரணடைவு நடக்காமல் இல்லை. தாளில் நடக்கவில்லை, அவ்வளவுதான். மே 18-இல் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த மக்களிடம், இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பதிவு செய்யுங்கள் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் சொன்னது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் முன்னின்று பெயர்ப்பட்டியல் எடுக்க, பல தளபதிகளும் பொறுப்பாளர்களும் மனைவி மக்கள் கண்ணெதிரே கையளிக்கப்பட்டுப் பஸ்ஸில் ஏற்றப்பட்டார்கள். உடன் கைக்குழந்தைகளும் இருந்தன. அடிகளாரும் ஏறினார். ஏறக்குறைய 12 ஆயிரம் பேர் புனர்வாழ்வு முடித்து விடுவிக்கப்பட்டதாக அரசு கணக்குச் சொல்கிறது. அந்தப் பஸ்ஸில் ஏறியவர்களைப் பற்றி உறவுகளுக்கு இதுவரை பதில் வரவில்லை.

இந்தப் போரில் தப்பி இந்தப் பக்கம் வந்தவர்கள் பவானிசாகரிலும் அறச்சலூரிலும் பூலுவபட்டியிலும் முகாம்களில் இருக்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு அவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் ஒரு பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கையில் பிள்ளையின் லாமினேட் செய்த படம். உட்கார்ந்தவர்களில் பலர் பிள்ளையைப் பார்க்காமலே இறந்துபோனார்கள். அந்தப் பந்தல் கண்டி வீதியோரத்தில் இருந்தது.